தந்தையின் கையொப்பம்

1

நேற்றோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து பதினொரு வருடம். ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்துவிட்டதால் என் மனைவி ஷமீமா மதியம் பிரியாணி போட்டு, சேமியா பாயசமும் வைத்திருந்தாள். திருச்சி பாலக்கரையில் பிறந்தவனுக்குச் சீரகச் சம்பா இல்லாத பிரியாணி பிரியாணியே இல்லை. பாஸ்மதியில் செய்ததை மூச்சுக் காட்டாமல் சாப்பிட இத்தனை வருடத்தில் பழகிக்கொண்டேன். பாயசம் வந்த நேரத்தில் மகள் ஆயிஷா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பள்ளியிலிருந்து வந்த சம்மதப் படிவம். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள்: தாயின் கையொப்பம், தந்தையின் கையொப்பம்.

அந்த இரண்டு கோடுகளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஊருக்குப் போன் போட்டால் "உனக்கென்னப்பா, ஜெர்மனி!" என்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கென்ன என்று படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2

இந்த நாடு காகிதத்தால் ஆனது. வீடு மாறினால் காகிதம், நாய் வாங்கினால் காகிதம். பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்து பள்ளியின் இணையப் பக்கத்தில் நாலு வரி எழுத வேண்டுமென்றால், படம் போட ஒரு சம்மதம், பெயர் போட ஒரு சம்மதம், அடுத்த பிள்ளை எழுதியதற்குக் கீழே கருத்து எழுத ஒரு சம்மதம். நான் பம்பு செய்யும் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மில்லிமீட்டர் பிசகாமல் கோடு போடுவது என் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்கே இந்தப் படிவங்களைக் கண்டால் கண்ணைக் கட்டும். நம் ஊர் வழக்கப்படி கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கோட்டைத் தேடிக் கையெழுத்தைப் போட்டுவிடுவேன். யார் படிக்கிறார்கள்?

போன வருடம் ஆயிஷாவின் வகுப்பு டீச்சர் லிண்ட்னர் ஒரு யோசனை சொன்னார். வேறு நாட்டு ஏழாம் வகுப்பு ஒன்றோடு சேர்ந்து இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் நடத்தலாம், இங்கே ஒரு பிள்ளைக்கு அங்கே ஒரு கூட்டாளி, இருவரும் சேர்ந்து தங்கள் ஊர் ஆற்றைப் பற்றி எழுத வேண்டும், படம் போட வேண்டும், மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். "யாருக்காவது வெளிநாட்டில் பள்ளி தெரியுமா?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்.

எனக்குத் தெரியாதா? என் அக்கா மும்தாஜ் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலை. தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருகிறாள். கையைத் தூக்கினேன். இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது அன்றுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆற்றைப் பற்றி எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஆயிஷா தமிழில் பேசுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஷமீமா அதட்டினால் அதுவும் நின்றுவிடும். திருச்சியில் தன் வயசுப் பெண் ஒருத்தி கிடைத்தால் இவள் நாக்கு திரும்பும் என்று ஒரு நப்பாசை. அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

3

படிவங்கள் திருச்சிக்குப் போயின. ஜெர்மனில் எட்டுப் பக்கம், ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று முப்பத்தெட்டு. எந்தக் கோடு எதற்கு என்று அக்காவுக்கு விளக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். மறுவாரம் அக்கா போன் செய்தாள்.

"டேய், இதுல அம்மா கையெழுத்து, அப்பா கையெழுத்து ரெண்டும் கேக்குறாங்களாமே. என் வகுப்புல ஒம்போது பிள்ளைங்களுக்கு அத்தா சவூதியிலயும் கத்தார்லயும் இருக்காங்க. நான் என்ன பிளேன் ஏறிப் போயா வாங்கிட்டு வர?"

"அவங்களுக்கு வாட்ஸ்அப்புல அனுப்பி, பிரிண்ட் எடுத்து…"

"லேபர் கேம்ப்ல பிரிண்டருக்கு எங்கடா போவாங்க? வர்ற திங்கக்கிழமை கடைசி நாள்ங்குறாங்க உங்க டீச்சரம்மா."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, அம்மாவையே ரெண்டு கோட்டுலயும் போடச் சொல்லு. நம்ம அம்மா போடலயா?"

"அது நம்ம ஊர் ரேங்க் கார்டுடா. இது ஜெர்மன்காரங்க."

"எவன்க்கா உக்காந்து பாக்கப் போறான்? நான் இங்க இருக்கேன்ல? எனக்குத் தெரியாதா?"

"சரி. நீ சொல்றேன்னு செய்றேன்."

எங்கள் அத்தா ரியாத்தில் ஃபிட்டர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் வருவார். நானும் அக்காவும் படித்த காலம் முழுக்க ரேங்க் கார்டில் அத்தா பெயரில் அம்மாதான் கையெழுத்துப் போடுவாள். அஞ்சாம் வகுப்பு படித்தவள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து தடவை போட்டுப் பழகிவிட்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு கார்டில் போடுவாள். கடைசி எழுத்தின் வாலை நீட்டி வளைத்து, அடியில் ஒரு கோடு. எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். யாரும் இதை ஒளிக்கவும் இல்லை, பொய் என்று நினைக்கவும் இல்லை. வீட்டில் இல்லாத மனுஷனை அந்தக் கோட்டிலாவது உட்கார வைத்தார்கள். எனக்கென்று ஒரு கையெழுத்து தேவைப்பட்டபோது நானும் அதே வாலையும் கோட்டையும்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் எட்டாம் வகுப்பு முடிந்து பள்ளி மாறும்போது அத்தா லீவில் இருந்தார். டி.சி. வாங்க அவரே பெருமையாக அத்தர் பூசிக்கொண்டு வந்தார். கிளார்க் கையெழுத்தைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார். "பாய், இது உங்க கையெழுத்து இல்லையே. ஃபைல்ல வேற மாதிரி இருக்கு. பையனோட அத்தாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். கடைசியில் வீட்டுக்கு ஆள் விட்டு அம்மாவை வரவழைத்து, அம்மா போட்ட பிறகுதான் டி.சி. வந்தது. அத்தா அதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். "என் பேருல என் பொண்டாட்டிதான் அசல், நான் டூப்ளிகேட்டு." நாங்களும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

4

ஆறு வாரம். என் வீட்டில் ஆறு வாரம் தமிழ் கேட்டது.

ஆயிஷாவுக்குக் கிடைத்த கூட்டாளி சஃபியா. அத்தா தம்மாமில் டிரைவர், ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரடங்குக் காலத்தில் பாடத்துக்காக வாங்கிய போன் அம்மாவுடையது. பள்ளி விட்டு வந்து ஒரு மணி நேரம் சஃபியாவுக்கு. அந்தப் பொதுப் பக்கத்தில் எல்லாரும் இங்கிலீஷில் எழுத வேண்டும், தாய்மொழிக்கு என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. ஆயிஷா அந்தக் கட்டத்தில் ஜெர்மனில் எழுதியிருந்தாள். கீழே சஃபியா கேட்டாள்: "உனக்குத் தமிழ் தெரியாதா? உங்க அத்தாவோட அக்கா, உங்க குப்பி, எங்களுக்கு டீச்சர்னு சொன்னாங்களே." ஆயிஷாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம்தானே நம் ஆட்களைப் படிக்க வைக்கும்!

திருச்சிப் பிள்ளைகள் வேலை செய்த விதமே வேறு. முதலில் ரஃப் நோட்டில் எழுதி, அக்காவிடம் காட்டி, சிவப்பு டிக் வாங்கி, அதற்குப் பிறகுதான் போனில் ஏற்றுவார்கள். இங்கே லூக்காஸ் என்று ஒரு பொடியன் "அருமை" என்று ஒரு சொல் போட்டால், அங்கிருந்து "தேங்க்யூ சார்" என்று பதில் வரும். சார் என்றதும் லூக்காஸ் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தான். இங்கத்திப் பிள்ளைகளோ நினைத்ததை நினைத்த நிமிஷத்தில் எழுதுவார்கள், பிழையோடு, சாப்பிட்டுக்கொண்டே.

சஃபியா போட்ட படங்கள் பெரும்பாலும் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தவை. பாலத்தில் பஸ் குலுங்கியதில் மலைக்கோட்டை இரண்டாகத் தெரியும். கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லாமல் வெறும் மணல், அதில் நாலு மாடு. டீச்சரைப் பார்க்கப் போன அன்று அக்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த ராஜகோபுரம், அதற்கு முன்னால் கொடியில் காயும் அக்கா வீட்டுப் போர்வை. ஆயிஷா ஓடி வந்து கேட்பாள்.

"அத்தா, 'ஆத்துல தண்ணி வந்துருச்சு'ன்னா வெள்ளமா?"

"இல்லம்மா. மேட்டூர்ல தொறந்து விட்டு, தண்ணி ஊருக்கு வந்து சேர்றது. எல்லாரும் பாலத்துல நின்னு பாப்பாங்க. நானும் உங்க தாத்தா தோள்ல உக்காந்து பாத்திருக்கேன்."

"தண்ணி வர்றதப் பாக்க எதுக்குக் கூட்டம்?"

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் அதை அப்படியே தமிழில் தட்டச்சு செய்தாள், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. அடுப்படியில் நின்ற ஷமீமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். வெங்காயம் நறுக்கவே இல்லை.

5

கடைசி வாரத்துக்கு லிண்ட்னர் டீச்சர் கொடுத்த தலைப்பு: "உங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த திறமை." நல்ல தலைப்புதான். இங்கே ஒருத்தியின் அப்பா பியானோ வாசிப்பார், ஒருவனின் அம்மா மலை ஏறுவாள்.

அன்று அக்கா வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தாள். சிவப்பு டிக் போட ஆள் இல்லை. நாளைக்குத்தான் போடுவேன் என்று சஃபியா எழுதியதற்கு ஆயிஷா பதில் எழுதினாள்: "ஏன் டீச்சர்கிட்ட காட்டணும்? உன்னோட எழுத்து. நேரா போடு." இங்கே பள்ளியில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். உன் கருத்து, நீ சொல்.

சஃபியா நேராகப் போட்டாள். "என் அம்மா என் அத்தா மாதிரியே கையெழுத்துப் போடுவாங்க. அத்தாவே அசந்துருவாங்க. ரேங்க் கார்டுலேர்ந்து எல்லாத்துக்கும் அம்மாதான், பாங்க்கத் தவிர. இந்தப் பக்கத்துல நான் எழுத ஜெர்மனிக்கு அனுப்புன ஃபாரத்துலயும் அம்மாதான் போட்டாங்க. எது அத்தா, எது அம்மா? கண்டுபிடிங்க." கீழே ஒரு படம், அடுத்தடுத்து இரண்டு கையெழுத்து. தேன்கூட்டில் கல்லெறிகிறோம் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அம்மாவைப் பற்றிப் பெருமை அதற்கு.

ஆயிஷா அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, பக்கத்தின் உச்சியில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தாள். வகுப்பு முழுக்க இதயக் குறி போட்டது. "எங்க அம்மாவும்தான்" என்று திருச்சியிலிருந்து இன்னும் எட்டுப் பேர் கீழே எழுதினார்கள். பாதிப் பேர் அம்மா போட்டதைத்தான் அத்தா என்றார்கள்.

6

லிண்ட்னர் டீச்சர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கு வரச் சொல்லி, எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். "எனக்கு இது தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இருக்க எனக்கு உரிமை இல்லை." தகவல் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லிவிட்டாராம். ஒன்பது படிவம் போலி என்றால் மீதி இருபத்தொன்பதையும் நம்ப முடியாது. திருச்சிப் பிள்ளைகள் எழுதியது, படம், கருத்து எல்லாம் அழிக்கப்படும். பிரதி வைத்துக்கொள்ளக்கூடாது.

"எங்கள் ஊரில் கணவன் இல்லாத வீட்டில் மனைவிதான் போடுவாள். இது வழக்கம். ஏமாற்று இல்லை" என்றேன். கோபத்தில் என் ஜெர்மன் நொண்டும். ஆயிஷா மழலையிலிருந்தே பேசுகிற மொழியில் நான் நியாயம் கேட்டால் பிச்சை கேட்பது போல இருக்கும்.

அவர் படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். நாலாம் பக்கம். ஒரு சின்னக் கட்டம். பெற்றோரில் ஒருவர் வேறு இடத்தில் வசித்தால் இதில் குறியிடவும், மற்றவர் கையொப்பம் மட்டும் போதும்.

போதும் என்று எழுதியிருந்தது. அந்த ஒன்பது அம்மாக்களும் தங்கள் சொந்தப் பெயரை மட்டும் போட்டிருந்தாலே போதும். முப்பத்தெட்டு வீட்டில் ஜெர்மன் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. தெரிந்தவன் நான் ஒருத்தன். நான் நாலாம் பக்கத்தைப் படிக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். ஆயிஷா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கையில் மாவு என்று நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஹெச்.எம்.முக்கு லெட்டர் வந்துருச்சுடா. மெமோ கொடுத்துட்டாரு. இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல முத மெமோ. இனிமே வகுப்புல போனே கூடாதுன்னுட்டாரு."

"அக்கா, நான் எழுதித் தரேன், நான்தான் சொன்னேன்னு…"

"எதுக்கு? நான் உன் பேரைச் சொல்லலடா. நீ சொன்னேன்னு செஞ்சது என்னோட இருக்கட்டும்." பேச்சை மாற்றினாள். "சஃபியா அம்மாதான் பாவம். ஸ்கூலுக்கு வந்து அழுவுறா. 'டீச்சர், ஜெர்மன் கவர்மெண்டுக்குத் தெரிஞ்சு போச்சாமே, எங்க வீட்டுக்காரருக்கு சவூதியில வேலை போயிருமா'ங்குறா. ஒண்ணும் ஆகாதுன்னா நம்ப மாட்டேங்குறா. பிள்ளைக்கு ரெண்டு அடி. போனைப் பீரோல வச்சுப் பூட்டிட்டா. அரையாண்டு ரேங்க் கார்டு அப்படியே கெடக்குது. அவரு வந்துதான் போடணுமாம்."

போனை வைத்த பிறகு ஆயிஷா ஜெர்மனில் கேட்டாள். நிதானமாக, கணக்குப் போடுகிற மாதிரி. "பொய்யாகப் போடச் சொன்னது நீங்கள். உண்மையைச் சொன்னது சஃபியா. அடி வாங்கியது சஃபியா. சரியா?"

"அது பொய் இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். காலண்டர் தாள், ரியாத், கிளார்க் எல்லாவற்றையும் சொன்னேன். டூப்ளிகேட் கதைக்கு அவள் சிரிக்கவில்லை. "தாத்தாவுக்கு அழுகை வரவில்லையா?" என்று கேட்டாள். முப்பது வருடமாகச் சிரித்த கதை. அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் சஃபியாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். தமிழில், ஒரு பக்கம், எழுத்துக்கள் எல்லாம் சாய்ந்து. அக்கா முகவரிக்கு அனுப்பினோம். சஃபியாவின் அம்மா பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "வெளிநாட்டுக் காகிதம் எதுவும் வேணாம் டீச்சர். எங்களை விட்டுருங்க." இதை ஆயிஷாவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னேன். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. அத்தா என்பதும் போய்விட்டது. பாப்பா என்கிறாள், இந்த ஊரில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் பாப்பா என்றால் தொட்டிலில் கிடக்கும். முன்பெல்லாம் ஷமீமா இதற்குச் சிரிப்பாள்.

7

நேற்றைய படிவத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பொதுப் பக்கம் பின்லாந்துப் பள்ளி ஒன்றோடு. போன வருடக் கதைக்குப் பிறகு, கையொப்பத்தைச் சரிபார்க்கப் பாஸ்போர்ட் நகலையும் கேட்கிறார்கள். அங்கே அப்பாக்கள் எல்லாம் வீட்டில் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

நான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எட்டுப் பக்கமும். நாலாம் பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஆயிஷா எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஷமீமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் கோட்டில் போட்டாள். நான் என் கோட்டில் போட்டேன். பாயசம் ஆடை கட்டிவிட்டது.

ஆயிஷா அலமாரி இழுப்பறையிலிருந்து எங்கள் இருவர் பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்தாள். அம்மாவின் கையெழுத்தை ஒப்பிட்டாள், தலையசைத்தாள். என்னுடையதை ஒப்பிட்டாள். திரும்பவும் ஒப்பிட்டாள்.

"பாப்பா, இது ஒரே மாதிரி இல்லை."

"என்னடி பேசுற அத்தாவ?" என்று ஷமீமா குரலை உயர்த்தினாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பாஸ்போர்ட்டில் கடைசி எழுத்தின் வால் நீண்டு வளைந்து அடியில் ஒரு கோடு ஓடுகிறது. நான் இப்போது போட்டதில் வாலும் இல்லை, கோடும் இல்லை. தினமும் வரைபடங்களில் அவசரமாகப் போட்டுப் போட்டு எப்போது உதிர்ந்தது என்று தெரியவில்லை.

"இந்தப் பாஸ்போர்ட் எடுத்து ஒம்போது வருஷம் ஆச்சும்மா, கை மாறிடுச்சு" என்றேன்.

"திரும்ப அனுப்பிவிடுவார்கள்" என்றாள் ஜெர்மனில். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படிவத்தின் இன்னொரு பிரதியை எடுத்து வைத்திருந்தாள். இப்படி ஆகும் என்று முன்பே நினைத்திருக்கிறாள். அதற்கு மேல் ஒரு வெற்றுத் தாளையும் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். "முதலில் இதில் எழுதிப் பாருங்கள்."

பாஸ்போர்ட்டை விரித்து எதிரில் வைத்துக்கொண்டேன். வெற்றுத் தாளில் என் பெயரை எழுதினேன். வால் சரியாக வரவில்லை. மறுபடி எழுதினேன். கோடு கோணியது. எழுதினேன். பள்ளி அலுவலகத்தில் கிளார்க் மேஜைக்கு முன்னால் நின்ற அத்தாவுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஏழாவது தடவையில் தெரிந்தது. பத்தாவது தடவை போட்ட பிறகு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, படிவத்தில் தந்தை என்று அச்சிட்ட கோட்டில் என் கையெழுத்தைப் பார்த்து எழுதினேன்.

ஆயிஷா பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். "இது பரவாயில்லை" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.